அன்னம்மாவின் பாதிச் சொல்

மௌனப் பயிற்சியின் கடைசி நாளில், அதைச் சொல்லிக்கொடுத்த அனோஜா மிஸ் சொன்ன ஒரு வசனம்தான் எங்கள் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டது. "இதை இங்கயே விட்டுட்டுப் போகாதீங்க. வீட்டுக்கும் கொண்டு போங்க" என்றாராம். பங்களாவிலிருந்து ஒரு தேக்கரண்டி கொண்டுபோனாலும் கேட்டடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். மௌனத்தைக் கொண்டுபோகலாம் என்றதும் என் அம்மா அதை முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவைக் கொழும்புக்காரர்கள் எடுத்து மௌன விடுதியாக மாற்றியிருந்தார்கள். வருகிறவர்கள் ஃபோனை ஒப்படைத்துவிட்டு, பேசாமல் சாப்பிட்டு, பேசாமல் நடந்து, பேசாமல் தேயிலையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மடங்களில் துறவிகள் ஆயுள் முழுக்கச் செய்வதை இவர்கள் சனி ஞாயிறில் செய்து முடிப்பார்கள். அம்மா கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு அங்கே குசினியில் சமையலுக்குச் சேர்ந்திருந்தாள். ஒருநாள் எல்லோரும் கண்மூடி இருக்கும்போது குசினியில் யாரோ "ஏ புள்ள, மாசித் தூள எங்கடி வச்ச" என்று கத்தியதில் ஒரு வெள்ளைக்காரருக்கு வந்துகொண்டிருந்த ஞானம் பாதியில் நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் வேலையாட்களுக்கும் பயிற்சி வைத்தார்கள். மெதுவாக நடப்பது, ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் கூழாகும்வரை மெல்வது, மணி அடித்தால் மூச்சைக் கவனிப்பது, தேவையில்லாத சொல்லை வாய்க்குள்ளேயே இறக்கிவிடுவது.

எங்கள் வீடு, லயம் என்கிற வரிசை வீடுகளின் தொங்கலில் உள்ள கடைசிக் காம்பரா. ஓர் அறை, ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் ஒடுங்கிய தாழ்வாரம். ஆசையை அடக்கத் துறவிகள் இப்படிப்பட்ட சின்ன அறையைத் தேடிப் போவார்களாம். எங்களுக்குத் தோட்டக் கம்பெனியே கட்டிக்கொடுத்து, அதிலேயே பிறக்கவும் வைத்திருந்தது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. லோஜினி அக்கா அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம்.

விளக்கு வைத்ததும் சாமிப் படத்துக்கு முன்னாலுள்ள சின்ன மணியை அம்மா ஒருமுறை ஆட்டுவாள். அதோடு சரி. இரவு முழுக்க ஒரு சொல் கிடையாது. விடிவதற்குள் பங்களாவுக்குப் போய்விடுவாள், அங்கே வேலையே மௌனம்தான். வீடு வந்து சேர்வதற்கும் விளக்கு வைப்பதற்கும் நடுவில் உள்ள கொஞ்ச நேரம் மட்டும், உப தபால் கந்தோர் போல, அம்மாவின் வாய் திறந்திருக்கும்.

என் அப்பா பெரியதம்பி முதல் வாரம் சந்தோஷமாக இருந்தார். இரண்டாவது வாரம் ரொட்டியில் உப்பில்லை என்று ஆரம்பித்துப் பார்த்தார். அம்மா உப்புப் போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு மெல்லத் தொடங்கினாள்.

"சண்டைக்கும் ரெண்டு பேரு வேணும்டா சஜீவன்" என்றார் அப்பா.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கொழும்புப் பக்கம் வத்தளையில் ஒரு கூரியர் கம்பெனியில் வேலை கிடைத்தது. மேசை, நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி உள்ள வேலை. எங்கள் அக்கரப்பத்தனைக் குளிரில் மின்விசிறி என்பது நாங்கள் டிவியில் மட்டும் பார்க்கிற பொருள். படிப்பை முடித்துவிட்டு வருடக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே அந்த ஒரே அறையில் கிடந்த எனக்கு இதுதான் வந்த ஒரே பதில். விடியற்காலை ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தால் பகல் சாப்பாட்டுக்கு முன் வத்தளையில் நிற்கலாம்.

பிடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சும்மா படி இறங்க முடியாது. "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும், பெற்றவள் "போயிட்டு வா" என்று சொல்லி அனுப்ப வேண்டும். எல்லாத் தமிழ் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஆதாரம் இருந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனபோது, அம்மா பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சொல்லாமல் இறங்கிவிட்டேன். ஒரு வாரத்தில் கொரோனா வந்து நாட்டையே மூடினார்கள். கடையின் மேல்மாடியில் துணிப் பொதிகளுக்கு நடுவே மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தேன். உலகத்துக்கே வந்த வியாதி எங்கம்மா பீலியில் நின்றதால் வந்தது என்று லயத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். நான் அதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. சொல்லாமல் இறங்கிப் பார்க்கிற ஆளும் இல்லை.

முதல் தடவை இருட்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இஸ்தோப்பில் நின்றேன்.

"போயிட்டு வரேம்மா."

அம்மா திருநீறு பூசிவிட்டாள். கன்னத்தைத் தடவினாள். வாயைத் திறக்கவில்லை.

"இந்தா அன்னம், அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லிரு. பஸ்ஸு வரப்போகுது" என்றார் அப்பா.

அம்மா கண்ணை மூடினாள்.

"என்னடா செய்யிறா?"

"மூச்சு விடுறாங்கப்பா."

சுவருக்கு மேலாக லோஜினி அக்காவின் குரல் வந்தது. "இன்னும் சொல்லலயா?"

பஸ் சத்தம் கீழ் வளைவில் கேட்டது. மேல் வளைவில் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

கம்பெனி மனேஜர் சுதாகரனிடம் பஸ் வரவில்லை என்று ஃபோனில் சொன்னேன். பஸ் வந்தது, எனக்குச் சொல் வரவில்லை என்று சொன்னால் புரிந்துகொள்ளும் ஆளாக அவர் தெரியவில்லை. "சரி தம்பி, திங்கக்கிழம பகலுக்குள்ள வாங்க. அதுக்கு மேல என்னால மேசைய சும்மா வச்சிருக்க ஏலாது" என்றார்.

அன்று பின்னேரம் அம்மாவின் வாய் திறந்திருந்த நேரத்தில் அப்பா பேச்சைத் தொடங்கினார். "நாளைக்கு உள்ளத இப்பவே சொல்லி வச்சிரேன்."

"படி எறங்கும்போது சொல்றதுதான் சொல்லு. முந்துன நாளே சொன்னா பழஞ்சோறு" என்றாள் அம்மா.

"அப்ப நான் இப்பவே எறங்குறேன். ஹட்டன்ல எங்கயாச்சும் படுத்துட்டு விடிய பஸ் ஏறுறேன்" என்றேன்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல எவனாச்சும் வீட்ட விட்டுப் போவானா? லெச்சுமி உள்ள வர்ற நேரம்டா."

லட்சுமி உள்ளே வருகிற நேரத்தில் நான் வெளியே போக முடியாது. நான் வெளியே போகிற நேரத்தில் அம்மாவுக்குச் சொல் கிடையாது. பகலில் அம்மாவே கிடையாது. அறைக்கு ஒரே ஒரு கதவுதான், அதைத் தாழ்ப்பாள் இல்லாமலே பூட்டிவிட்டார்கள். லட்சுமியும் எங்கள் காம்பராவுக்கு அன்றாடம் வந்து போகிறாள் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என் ஃபோனில் பழைய குரல் பதிவு ஒன்று அகப்பட்டது. அம்மா அப்பாவின் ஃபோனிலிருந்து அனுப்பியது. "சஜீ, கடப்பக்கம் போயிட்டு வா, அப்படியே கருவாடு வாங்கிட்டு வா." நடுவிலுள்ள "போயிட்டு வா"வை மட்டும் வெட்டி எடுத்தேன். அப்பாவை இஸ்தோப்பில் நிறுத்தி, ஃபோனைக் கையில் கொடுத்து ஒத்திகை பார்த்தோம். நான் "போயிட்டு வரேன்" என்றேன். அப்பா அமுக்கினார். "போயிட்டு வா" என்றது ஃபோன். அசல் அம்மா.

சுவருக்கு மேலாகத் தீர்ப்பு வந்தது. "தம்பி, அது கருவாட்டுக்குச் சொன்னது. கொழும்புக்குச் செல்லாது."

"யாருக்குக்கா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அப்பா ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஒரு கருவாட்டை நம்பி நானும் போயிருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை.

பின்னேரம் அம்மா வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"நேரா கேக்குறேம்மா. நான் போகக் கூடாதுன்னு பாக்குறியா?"

"இல்ல."

"அப்ப ஒரு வார்த்தை சொல்றதுல என்ன?"

அம்மா யோசித்தாள். முன்பெல்லாம் யோசிக்காமல் பேசுவாள், வசதியாக இருந்தது.

"பேசாம இருக்கச் சொல்லித் தந்தாங்கல்ல. இருந்தா, சொல்லு ஒவ்வொண்ணா வந்து முன்னால நிக்குது. முந்தி வாயில வந்த ஒடனே போயிரும். இப்ப நின்னு மூஞ்சியக் காட்டுது. ஒனக்குச் சொல்லணும்னு நெனச்சா அந்த 'வா' வந்து நிக்குது. எதுக்கு இவன வரச் சொல்றோம்னு பாத்தேன். எனக்கு முடியாமப் போனா பாத்துக்க. அப்பாவுக்குப் பேச்சுத் தொணைக்கு. ஒனக்குன்னு ஒண்ணுமே வரலடா."

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றதும்மா."

"சும்மா சொல்றதத்தான் விடச் சொன்னாங்க." கால் விரலைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தாள். "ஒங்கப்பாவும் கல்யாணத்துக்கு முந்தி கொழும்புக்குப் போனாரு. அவுங்கம்மா சொல்லி அனுப்புனாங்க. வந்துட்டாரு. அப்படி அனுப்புன ஆளுங்க எல்லாம் திரும்பி வந்துருச்சுங்க. இந்தக் காம்பராவ விட்டு ஒரு ஆளு போய்ச் சேரல."

அப்பா குசினிப் பக்கம் எழுந்து போனார். அம்மா விளக்கை ஏற்றி மணியை ஆட்டினாள்.

திங்கட்கிழமை. இருட்டு. பையோடு இஸ்தோப்பில் நின்றேன். "போயிட்டு வரேம்மா" என்றேன், பழக்கத்துக்கு. பதில் இல்லை. படியில் கால் வைக்கப் பார்த்தேன், வரவில்லை. வத்தளை, மேசை, மின்விசிறி என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். கால் கேட்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா வந்து என்னை எழுப்பிவிட்டாள். பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

பங்களாவில் கற்றுக்கொடுத்த நடை. குதிகால், பாதம், விரல். ஒரு மூச்சு. மறுகால். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய பாதை, என் சான்றிதழும் ஒரே நல்ல சப்பாத்துச் சோடியும் அவள் தலையில். முந்திப் போகவும் முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. எனக்குப் பின்னால் அப்பா டோர்ச் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அன்னம், கொஞ்சம் வெரசா நட."

குதிகால், பாதம், விரல்.

கீழே ரோட்டில் பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அம்மா நின்றாள். மணிக்கு நிற்பதுபோல் அதற்கும் நின்று மூச்சைக் கவனித்தாள். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டுக்கும் அந்தப் பாதையில் இடமில்லை.

ரோட்டுக்கு வந்தபோது டிரைவர் செல்லசாமி அண்ணன் ஜன்னலால் தலையை நீட்டினார். "என்னக்கா ஊர்கோலமா? தம்பி வர்றானா, இல்லியா?"

அம்மா பையை பஸ் படியில் வைத்தாள். முந்தின நாள் விளக்கு வைத்து மணி அடித்ததிலிருந்து மூடியிருந்த வாயைத் திறந்தாள்.

"போறான்" என்றாள் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "போ."

நான் மிச்சத்துக்காக நின்றேன். அப்பாவும் நின்றார். டோர்ச் வெளிச்சம் அம்மாவின் வாயிலேயே இருந்தது.

"மத்ததையும் சொல்லும்மா."

அம்மா தலையை ஆட்டினாள். கையை எடுத்து என் முதுகில் வைத்துத் தள்ளினாள். கொழுந்துக் கூடை தூக்கிய கை. நான் படியில் ஏறியிருந்தேன்.

பஸ் நகர்ந்தபோது அம்மா திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள், அதே வேகத்தில். அப்பாதான் கையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் போனாலும், சரிவராவிட்டால் அந்த அறையில் என் பாய் சுருட்டி வைத்திருக்கும் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அது இல்லாமல் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. மேலே லயத்தில் லோஜினி அக்கா வீட்டு விளக்கு தெரிந்தது. எங்கள் வீட்டு விளக்கு தெரிந்தது. இறங்கி ஓடினால் எட்டிப் பிடிக்கிற தூரம். இறங்கிப் போய் என்ன சொல்வது? வா என்று யாரும் சொல்லவில்லையே.

ஹட்டனுக்குக் கிட்டப் போகும்போது சுதாகரன் ஃபோனில் கூப்பிட்டார்.

"தம்பி, இன்னைக்காச்சும் பஸ் வந்துச்சா?"

"வந்துச்சு சேர்."

"அப்ப வர்றீங்கதானே? நம்பலாமா?"

"வரேன் சேர்" என்றேன்.

அவர் வைத்துவிட்டார். "வரேன்" என்றால் அந்தப் பக்கம் ஒரு "வா" வந்தாக வேண்டும் என்பதுபோல் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர், நான் இன்னும் பேசுவதாக நினைத்துத் தன் ஃபோனில் ஓடிய பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.