குட்டி அம்மனைத் தொட ஆளில்லை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒழுங்காகக் கைதட்டத் தெரியவில்லை. பிடித்தால் காலில் விழுகிறார்கள், பிடிக்காவிட்டால் செல்போனில் ஏசுகிறார்கள். ஏரல் பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட் போட வந்த கிழவர் மாடக்கண்ணு, இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான் ஒயரை இழுத்தார்.

மத்தியானம் உச்சிக்கொடைக்கு வில்லுப்பாட்டு. நடுவில் உட்கார்ந்து கோலை வீசிப் பாடியவள் ஒன்பது வயது சுகன்யா. அம்மன் கதையை அவள் எடுத்தால் ஆற்றங்கரை ஊர்களெல்லாம் வந்து குவியும். குட்டி அம்மன் என்றே பேராகிவிட்டது. பாட்டு முடிந்ததும் கிழவிகள் முதல் பட்டாளத்துக்காரர் வரை அந்தப் பிஞ்சுக் காலில் விழுந்தார்கள். அப்பன் சிவகணேஷ் பக்கத்தில் நின்று பூரித்தான்.

கூட்டம் பந்திக்குப் போனது. சுகன்யா பைய இறங்கி, பந்தலுக்குப் பின்னால் தொட்டு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போனாள்.

"நானும் வரட்டா?"

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்தன. "வாங்க" என்றாள் ஒருத்தி, மரியாதையாக.

பாவாடையைச் செருகிக்கொண்டு ஓடினாள். வேப்பமரத்தைச் சுற்றினாள். வேண்டுமென்றே மெதுவாகவும் ஓடிப் பார்த்தாள். துரத்தி வந்தவள் கிட்டே வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, என்னயத் தொடேன்!"

"எங்கம்மா வையும். சாமி மேல கை படக்கூடாதாம்."

சுகன்யா வந்து மைக் செட் மேஜையடியில் ஒடுங்கினாள். "எல்லாரும் அவுட் ஆயிட்டாவ தாத்தா. நான் மட்டும் ஆவவே மாட்டேங்கேன்."

மாடக்கண்ணுவுக்கு ஆறுதல் சொல்லி வழக்கமில்லை. மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். அதற்குள் சிவகணேஷ் தேடி வந்துவிட்டான்.

"இங்கனயா கெடக்க? எந்திரி, மெட்ராசுல இருந்து வந்திருக்காவ, ஆசீர்வாதம் வேணுமாம். அண்ணாச்சி, அடுத்த கொடையில இருந்து இவள அருள்வாக்குக்கும் உக்கார வைக்கப் போறேன். செட்டுக்கு உங்களத்தான் சொல்லுவேன்."

"உன் செட்டும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்ல" என்றார் மாடக்கண்ணு. "உம் மவ நல்லா பாடுதா, பாடட்டும். ஆனா சாமியாக்கி உக்கார வச்சேன்னா கும்பிட ஆயிரம் பேர் வருவான், கூட விளையாட ஒருத்தி வரமாட்டா. எம்புட்டுப் பெரிய வித்தை தெரிஞ்சாலும் பிள்ளை பிள்ளைதாம்ல. மொதல்ல பிள்ளையா இருக்க விடு."

சிவகணேஷின் முகம் செத்துப்போனது. குனிந்து மகளின் கன்னத்தைத் தடவினான். "நல்லதுன்னுதான் நெனச்சேன். இனி யாரையும் கால்ல விழ விடமாட்டேன், அண்ணாச்சி. அருள்வாக்கும் கெடையாது. சத்தியம்."

குரல் உடைந்துதான் சொன்னான். சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தான். "அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காவளே... அவங்க மட்டும்..."

மறுபடி யாரும் கூப்பிடாமலே சுகன்யா எழுந்து பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள்.

"கிழிச்ச" என்றார் மாடக்கண்ணு. துண்டை உதறித் தோளில் போட்டார். பந்திக்குப் போகாமல், திரும்பியும் பார்க்காமல், ஆற்றைப் பார்த்து நடந்தார்.