வயரில் ஒன்றுமில்லை

கொட்டகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண் சரியப் போனால் சைரன் ஊத வேண்டும். அதற்கான பெட்டியைச் செய்தவர்கள் இரண்டு பேர். வயரிங் வேலை செய்தவன் ஷிஹாப், பஜாரில் ரேடியோ கடை வைத்திருப்பவன். உள்ளே ஓடிப் பெட்டியை இயக்கும் கேர்னல் நிரலை எழுதியவள் கிருஷாந்தி, அதே லயத்துப் பிள்ளை.

அடுத்து வந்த பெருமழையில் சைரன் வாயே திறக்கவில்லை. நல்லவேளை, மண் லயத்து அம்மாக்கண்ணுவின் கோழிக்கூட்டோடு நின்றுவிட்டது.

மறுநாள் ஷிஹாப் மூடியைக் கழற்றினான். கிருஷாந்தி லெப்டொப்பை மாட்டி, பிழை தேடுவதற்கான சோதனைப் பதிப்பை ஏற்றினாள். மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சரில் தண்ணீர் ஊற்றியதும் சைரன் அலறியது. சென்சரைத் துடைத்து, வழக்கமான பதிப்பை ஏற்றி மூடி, மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள், ஊமை. மறுபடி திறந்து சோதனைப் பதிப்பில் பார்த்தார்கள், அலறியது.

"மூடுறப்பதான் வயர் நசுங்குது" என்றாள்.

"மூணு தடவ மாத்திட்டேன் கிருஷாந்தி. வயர்ல ஒண்ணுமில்ல."

அவள் கேட்கவில்லை. வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, "ஷிஹாப் போட்ட வயர்தான் பிழை" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு லயத்தில் யாரும் அவன் கடைக்கு பழுதுபார்க்க ஒரு டோர்ச்சைக்கூடக் கொண்டுபோகவில்லை.

மூடியோடு சேர்ந்து பதிப்பும் மாறியது என்பது அவளுக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. ஒரு வாரம்! கொஞ்சம் நிதானித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். சென்சரைப் படிக்க அசெம்பிளி மொழியில் இரண்டு வரி எழுதியவள், ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கச் சொல்லும் 'வொலடைல்' என்ற சொல்லைப் போடவில்லை. வேகத்துக்காக நிரலைச் சுருக்கித் தரும் கம்பைலர் ஓர் அதிகப்பிரசங்கி. ஒருமுறை படித்தால் போதுமென்று மற்றதை வெட்டிவிட்டது. பெட்டி மழை முழுக்கக் காய்ந்த மண்ணின் அளவையே பார்த்துக்கொண்டிருந்தது. சோதனைப் பதிப்பில் அந்தச் சுருக்கல் கிடையாது.

வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது. பஜாருக்கு ஓடினாள்.

"பிழை என்னோடது ஷிஹாப்."

அவன் நிமிரவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன செய்ய? பெரட்டுல சொன்னத பெரட்டுலயே போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலை போய்ச் சொன்னாள். "வயர் நல்லாத்தான் இருந்துச்சு. நான் எழுதினதுதான் பிழை. இந்தக் கம்பைலர் இருக்கே..."

கம்பைலர் என்றதும் பாதிப் பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அம்மாக்கண்ணு அவள் கன்னத்தைத் தடவினாள். "பாவம், அந்தப் பொடியன் பேரு கெட்டுறக் கூடாதுன்னு தன் தலையில போட்டுக்குது. ஒன் மனசு யாருக்கு வரும் புள்ள?"

"இல்லக்கா, நெசமாவே நான்தான்."

அம்மாக்கண்ணு சிரித்துக்கொண்டே மலையேறினாள்.

அன்று மத்தியானம் கிருஷாந்தி திருத்திய நிரலை ஏற்றி, மூடியை இறுக்கி, தண்ணீர் ஊற்றினாள். மலையெங்கும் கேட்கும்படி சைரன் ஊதியது.

"வேற ஆள வச்சு வயர மாத்திட்டாங்க போல" என்றார்கள் லயத்தில்.