லாயத்துச் சுவரில் உப்பு

பொய் சொல்வதற்கு எனக்கு மூன்று அங்குல இடம்தான் கொடுத்தார்கள். அதிலேயே வேண்டிய மட்டும் சொல்லிவிட்டேன்.

2003-இல் எங்கள் ஊர்ப் பழைய குதிரைப்படை லாயத்தைக் கலை பண்பாட்டு மையமாக மாற்ற உத்தரவு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் படைக்குதிரைகள் நின்ற நீளமான கட்டிடம். மேடை, படக் கூடம், நாடகம் பழக ஓர் அறை என்று திட்டம். பல ஊர் சுற்றி அப்போதுதான் சொந்த ஊருக்கே உதவிப் பொறியாளராக வந்திருந்த நான் ஆய்வறிக்கை எழுதினேன். 'முந்தைய பயன்பாடு' என்ற கட்டத்தில், 'ராணுவம். பிறகு காலியாக இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காலியாக இருக்கவில்லை. ராணுவம் போனபின் முப்பது வருடம் அது தோல் மண்டி. வண்டி வண்டியாக வரும் பச்சைத் தோலை விரித்து, உப்பு தடவி, நெஞ்சுயரத்துக்கு அடுக்கி வைப்பார்கள். பிறகு ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் லாரி ஏறும். உப்பு தடவியவர்களில் ஒருத்தி என் அம்மா பொன்மலர். அவள் கைவெடிப்பு ஆறி நான் பார்த்ததே இல்லை.

பாகாயத்தில் ஆசிரியர் குடும்பத்தில் பெண் எடுத்தபோது, அம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள் என்று சொன்னவன் நான். அம்மா அப்போது உயிரோடு இல்லை, மறுத்துச் சொல்ல ஆளில்லை. மனைவி இவாஞ்சலின் அன்றுவரை அதை நம்பிக்கொண்டிருந்தாள். மண்டி என்று எழுதினால் பேப்பரில் வரும், பேச்சு கிளம்பும், பொன்மலர் மகன்தானே இந்த இன்ஜினியர் என்று யாராவது கேட்பார்கள். அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

உப்பு ஊறிய சுவருக்குத் தனி வேலை உண்டு. பழைய பூச்சை உரித்து, உப்பை வெளியே எடுத்து, சுண்ணாம்புதான் பூச வேண்டும். காலிக் கட்டிடத்துக்குச் சிமெண்ட் போதும். சிமெண்டே பூசினோம்.

பூச்சுக்குத் தண்ணீர் ஊற்ற ஒப்பந்தக்காரர் ரத்தினசாமி வைத்திருந்த சித்தாள்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். சவுரியம்மாள். அம்மாவோடு அதே மண்டியில் உப்பு தடவியவள். பள்ளிக்கூடம் விட்டு வரும் எனக்கு வறுகடலை மடித்து வைத்திருப்பாள், நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். அறுபதைத் தாண்டியும் வாளி தூக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, வணக்கம் சார் என்றாள். தலையை மட்டும் அசைத்தேன். நல்லவேளை, அடையாளம் தெரியவில்லை என்று நிம்மதியடைந்தேன், வெட்கங்கெட்டவன்.

ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து அருகில் வந்தாள்.

"சார், இந்தச் செவுரு ரொம்ப உப்பு குடிச்சிருக்குது. சிமெண்டு நிக்காது."

வேலையைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சுவர் வெள்ளையாகப் பூத்தது. தரையிலிருந்து நெஞ்சுயரம் வரை, தோல் அடுக்கிய அதே உயரம், கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை. தொட்டால் பூச்சு பொரிந்து கையோடு வந்தது. வேலூரிலிருந்து மேலதிகாரி வந்தார். ரத்தினசாமி கொஞ்சமும் யோசிக்காமல், ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை என்று சவுரியம்மாளைக் கைகாட்டினார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா கிருபானந்தம், அப்படியா?"

இது தோல் மண்டி சார், உப்பு சார். தொண்டை வரை வந்தது. ஆனால், இருக்கலாம் சார் என்றுதான் வாய் சொன்னது.

சவுரியம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஆமா சார். நான்தான் சரியா ஊத்தல," என்றாள்.

அன்றே அவளை நிறுத்தினார்கள். உப்பு தின்னவன் தண்ணி குடிச்சுதான் ஆகணும் என்று ரத்தினசாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சுவர் முழுக்கப் பலகை அடித்து, நீலத் துணி போர்த்தி, குதிரை வீரர்களின் படங்களை மாட்டினோம். விழாவில் பரதம் ஆடினார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள். இவாஞ்சலின் முன்வரிசையில் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். துணிக்குப் பின்னால் பூச்சு உதிர்ந்துகொண்டே இருப்பது எனக்குத் தெரியும். அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை சவுரியம்மாள் வீட்டைத் தேடிப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உட்காருங்க சார் என்றாள். என்னைத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா? நீங்க பொறந்த அன்னிக்கே கையில வாங்கினவ நானு. உங்கம்மா சாவறதுக்கு முன்ன என் கையப் புடிச்சிக்கினு சத்தியம் வாங்கினா. எம்புள்ள ஆபீசரா வருவான், எங்க பார்த்தாலும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதடி, அவன் கூசுவான்னா."

அம்மா இறந்தபோது நான் கல்லூரியில் மூன்றாம் வருடம். விடுதிக்கு அவள் ஒருமுறைகூட வந்ததில்லை. வேலை ஜாஸ்தி என்பாள். வராதே என்று நான் சொன்னதில்லை, வா என்றும் கூப்பிட்டதில்லை. நான் அவளை மறைப்பதற்கு முன்பே எனக்காக அவளே மறைந்துகொண்டிருக்கிறாள்.

நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பூச்சை உரிக்க வேண்டும் சின்னம்மா என்றேன். அறிக்கையை மாற்றுகிறேன், மண்டி என்று எழுதுகிறேன், அம்மா வேலை பார்த்த இடம் என்பதையும் தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன் என்றேன்.

அவள் என்னைத் தூக்கி மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"மண்டின்னு எழுதுங்க. அதோட நிறுத்திக்கோங்க. பொன்மலரு பேரு வேணாம் சார். நாளைக்கு உங்களுக்குத்தான் சங்கடம்."