வெள்ளை சீவிய தேக்கு

மூக்கன் சொன்னதோடு நிற்கமாட்டான், அதற்கு மேலும் ஒன்றைச் செய்து வைப்பான். மனைவி பேச்சியின் தம்பி என்பதால் மாரிச்சாமியும் பதினெட்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்.

அந்த வருஷம், தொண்ணூற்றாறில், ஆடிக் காற்றுக்கு எஸ்டேட் எல்லையில் நின்ற பழைய தேக்கு சாய்ந்தது. மழையை ஆராய்ச்சி பண்ணும் ஜானகி என்ற அம்மா கோயமுத்தூரிலிருந்து வந்து, அடிமரத்தில் நாலு விரல் கனத்துக்கு ஒரு வட்டம் அறுத்துத் தரச் சொன்னாள். மாரிச்சாமி ஒரு பக்கமும் மூக்கன் ஒரு பக்கமுமாக ரம்பம் இழுத்தார்கள். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது.

"வருசத்துக்கு ஒரு வளையமுங்க. மழை நல்லாப் பேஞ்சா அகலமா இருக்கும், பொய்ச்சுப் போனா நூலாட்டம் இருக்கும். பட்டையை ஒட்டி இருக்கறது இந்த வருசத்துது. அங்கிருந்து உள்ளாற எண்ணிட்டே போனா எந்த வளையம் எந்த வருசம்னு தெரிஞ்சுரும்" என்றாள் ஜானகி.

மாரிச்சாமி ரம்பத்தை நிறுத்தினார். "ஏனுங்கம்மா, இங்க ஓடையே வத்திப்போன வருசம்னு ஒண்ணு உண்டு. அதுவும் தெரியுமுங்களா?"

"தெரியணுமுங்க. எதுக்கு?"

"அந்த வருசந்தான் நான் பொறந்தேன்னு எங்க ஆத்தா சொல்லும்."

எஸ்டேட் ஆபீஸ் பேரேட்டில் அவர் பிறந்தது முப்பத்தெட்டு. வேலைக்குச் சேர்ந்த அன்று கிளார்க் அவர் மீசையைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதியது அது. அதன்படி மார்கழியோடு ஐம்பத்தெட்டு முடிகிறது. வேலை போகும், எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி பண்ண வேண்டும். தனக்கு இன்னும் மூன்று வருஷம் இருப்பதாக அவர் அடித்துச் சொல்வார். கேட்கத்தான் ஆளில்லை. ஜானகியிடமும் அதைச் சொன்னார்.

"மரம் சொன்னா ஆபீசு கேக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க. என்ன தெரியுதோ அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். திங்கக்கிழமை ஜீப் கொண்டாறேன், அதுவரைக்கும் உங்க ஊட்டுல பத்திரமா வெச்சிருங்க."

திங்கள் காலையில் மாரிச்சாமி வட்டத்தைச் சுற்றியிருந்த சாக்கை விலக்கினார். வட்டம் நேற்றைக்கு இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. பட்டை இல்லை. பட்டைக்கு அடுத்த வெள்ளை மரமும் இல்லை. உள்ளே இருக்கும் கெட்டி மரமான வைரம் மட்டும், எண்ணெய் தடவிப் பளபளவென்று கிடந்தது.

"நான்தான் மாமா" என்றான் மூக்கன், பெருமையோடு. "நேத்து நீங்க கூடலூர் போயிருந்தப்ப வாய்ச்சி போட்டுச் சீவிட்டேன். வெள்ளையோட குடுத்தா உளுத்துப்போகும். நம்மளைத்தானே மட்டமா நெனைப்பாங்க?"

"உன்னை யாருடா சீவச் சொன்னது?"

"இதெல்லாம் சொல்லணுமா? மர டிப்போவுல இருவது வருசமா அதைத்தானே செய்யறேன்."

ஜீப் வந்தது. ஜானகி வட்டத்தைப் பார்த்தாள், மூக்கனைப் பார்த்தாள், வாசலில் கவிழ்த்திருந்த தேயிலைக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள். "வெளியில எத்தனை வளையம் போச்சுன்னே தெரியாதுங்க. எங்கிருந்து எண்ணறது?" கொஞ்சம் கழித்து, "சீவினதெல்லாம் எங்கீங்க?" என்றாள்.

எல்லோரும் பேச்சியைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? நேத்து எண்ணெய் தேச்சுக் குளிச்சாரே உங்க மாமா, தண்ணி தானா காஞ்சுதாக்கும்? பாதி பச்சை மரம். ஊதி ஊதி என் கண்ணுதான் போச்சு."

மாரிச்சாமி தலையில் கைவைத்தார். மூன்று வருஷத்தைத் தானே தலையில் ஊற்றிக் குளித்திருக்கிறார்.

மூக்கன் சத்தமில்லாமல் வீட்டுக்குப் பின்னால் போனான். கோழிக்கூட்டுக் கதவு படாரென்று விழுந்தது, கோழிகள் கத்தின. கையில் ஒரு துண்டோடு வந்தான். "கதவுக்கு முட்டுக் குடுத்திருந்தேன். இது மட்டும் ஒரே வெட்டுல பட்டையோட பேந்துச்சு."

ஜானகி அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, கோழி எச்சத்தைத் துடைத்து, வட்டத்தின் ஓரமாக வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் வெடிப்போடு வெடிப்பு கச்சிதமாகப் பொருந்தியது. பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தவள் அரைமணி நேரம் நிமிரவில்லை. மாரிச்சாமி மூச்சுவிடக்கூட யோசித்தார்.

"இந்த வருசத்துது போக, வெள்ளையில இருவத்திரண்டு. அதுக்குள்ள வைரத்துல முப்பத்தொம்பதாவது வளையம் நூலாட்டம் இருக்குது பாருங்க. இவ்வளவு ஒல்லியா வேற எதுவுமே இல்லை."

"அது எந்த வருசமுங்க? நாப்பத்தொண்ணுதானே?"

அவள் மறுபடி எண்ணினாள். "முப்பத்தஞ்சுங்க."

கோழிகளும் அந்த நேரம் பார்த்துக் கத்துவதை நிறுத்தின.

"அப்ப உங்களுக்கு அறுவத்தொண்ணு மாமா" என்றான் மூக்கன். "மூணு வருசம் ஆபீசுக்குத் தெரியாம வேலை பாத்திருக்கீங்க."

"ஒரு மரத்தை வெச்சு முடிவா சொல்லக்கூடாதுங்க" என்றாள் ஜானகி அவசரமாக. "இன்னும் பத்து மரம் பாக்கணும். இப்போதைக்குத் தெரிஞ்சதைக் கடுதாசியில எழுதட்டுங்களா?"

"ஒரு எழுத்தும் வேண்டாமுங்கம்மா." அவரே வட்டத்தையும் துண்டையும் சாக்கில் சுற்றி, கயிறு போட்டு, ஜீப்பில் ஏற்றினார். "கோயமுத்தூர் கொண்டுபோய் எவ்வளவு வேணாலும் எண்ணுங்க. போறப்ப ஆபீசு வழியாப் போகாம கீழ்ரோட்டுல போயிருங்க."

ஜீப் திரும்பியதும் மூக்கன் சொன்னான்: "இதுக்குத்தான் மாமா நான் முதல்லயே சீவினது."

மாரிச்சாமி விழுந்து கிடந்த கோழிக்கூட்டுக் கதவைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார். "புடிச்சுக்கிட்டு நில்லு. வேற கட்டை கிடைக்கற வரைக்கும் நீதான் முட்டு."