வலி எத்தனை?

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. 1984-ஆம் வருஷம். எலும்பு வார்டில் அன்று காலை புது வழக்கம் வந்தது. நோயாளியின் வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மார்க் போட வேண்டும். ஐந்துக்குக் கீழே என்றால் டாக்டரைக் கூப்பிடக் கூடாது. வெளிநாட்டுத் தாள் ஒன்றை யாரோ தெலுங்கிலும் தமிழிலும் பெயர்த்து அச்சடித்திருந்தார்கள்.

சாயங்கால டூட்டிக்கு வந்த நர்ஸ் கிருபாவதி, பிச்சாட்டூர் செங்கம்மாவின் தாளில் ‘இரண்டு’ என்றிருப்பதைப் பார்த்தாள். கடலை மூட்டை வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தவள்; முந்தின நாள்தான் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ரெண்டுன்னு நீயா சொன்ன?”

“ஆமா சிஸ்டரம்மா. வலி எத்தினின்னு கேட்டாங்க. ரெண்டு புள்ள பெத்தேன், ரெண்டு வலின்னேன்.”

கிருபாவதிக்கு விஷயம் புரிந்தது. அவள் பிறந்த ஊரிலும் பெண்களுக்கு வலி என்றால் பிரசவ வலிதான். மற்றதெல்லாம் நோவு.

“கால் எப்டி கீது?”

“நோவு தாங்கல. நெருப்புல வெச்சா மாதிரி காந்துது. விரலு மரத்துப் போய்க்கினு கீது.”

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருந்தன. கட்டு இறுகி ரத்த ஓட்டத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கிருபாவதி தாளை எடுத்துக்கொண்டு டாக்டர் நாகபூஷணத்திடம் ஓடினாள்.

அவர் தாளைத்தான் பார்த்தார். “ரெண்டுதானே சிஸ்டர்? காலையில பார்க்கலாம்.”

“காலையில பார்க்கக் கால் இருக்காது சார்.”

“எனக்கே பாடம் சொல்றியா? கட்டைத் தொட்டா வேலை போயிடும்.”

“போகட்டும் சார்.”

மாவுக்கட்டு வெட்டும் கத்தரியை எடுத்தாள். செங்கம்மாவின் கட்டிலுக்கு ஓடினாள். டாக்டர் பின்னாலேயே கத்திக்கொண்டு வருவதற்குள் கட்டை மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டாள். செங்கம்மா நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். சற்று நேரத்தில் விரல்களில் சிவப்பு ஏறியது. டாக்டர் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் சூப்பரிண்டெண்டிடமிருந்து மெமோ வந்தது: விதியை மீறியதற்கு விளக்கம் தேவை. கிருபாவதி மன்னிப்புக் கேட்கவில்லை. நின்றபடியே எழுதினாள்: ‘நோயாளியின் பேச்சில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டு, வந்த பதிலை அவள் தலையில் கட்டக் கூடாது. தாளை மொழிபெயர்த்தால் போதாது; படுத்திருப்பவர்களைக் கேட்டுத் திருத்த வேண்டும். அதுவரை நான் முகத்தைப் பார்த்துத்தான் மார்க் போடுவேன்.’

விளக்கம் நாகபூஷணம் வழியாகத்தான் மேலே போக வேண்டும். அவர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்து கீழே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டார்: ‘அந்தக் கட்டை நான் வெட்டியிருக்க வேண்டும்.’