தலைவர் வீட்டு நாய்க்கு ஒன்றுமில்லை

சாங்கில் என்பவர் அந்தக் கொரியக் கிராமத்தின் தலைவர், மைக்கைப் பிடித்தால் லேசில் விட மாட்டார். அந்த மாதம் முழுக்க அவருக்கு ஒரே பேச்சு, மலம். குடல் புற்றுநோய்ச் சோதனைக்குக் குழாய் வாங்கிய அத்தனை பேரும் நிரப்பிக் கொண்டுவர வேண்டுமாம், வெட்கப்பட்டால் உயிர் போய்விடுமாம். ஊர்க் கூடத்து ஒலிபெருக்கி சரியாகச் சோற்று வேளை பார்த்து மிளகாய்த் தோட்டம் வரை அலறும். எல்லோரும் கொடுத்துவிட்டால் ஊருக்கு ஒரு மசாஜ் நாற்காலி என்று அதிகாரிகள் ஆசை காட்டியிருந்தார்கள். அதில் முதலில் யார் உட்காருவது என்பதைத் தலைவர் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

ஊரையே விரட்டிய மனிதருக்குத் தன் குழாயைப் பார்த்தால் மட்டும் உதறல். எதையாவது கண்டுபிடித்துத் தொலைத்தால்? கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டியில், முள்ளங்கிக் கிம்ச்சிக்குப் பின்னால், மனைவி மால்சுன் தன் குழாயை நிரப்பிப் பேர் ஒட்டி வைத்திருந்தாள். தலைவர் அந்தப் பேரை உரித்துவிட்டுத் தன் பேரை ஒட்டினார். மிச்சமிருந்த தன் காலிக் குழாய்க்கு வாசலில் கட்டியிருந்த நாய் பெக்கு தாராளமாக உதவியது. அதில் மால்சுன் பேர் ஏறியது.

நாற்காலி வந்தது. பின்னாலேயே முடிவும் வந்தது. மால்சுனுக்கு ஒன்றுமில்லை. தலைவருடையதில் ரத்தம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடலைப் பார்க்க வேண்டும்.

மால்சுன் அழுதாள். தனக்கு வந்திருக்கக் கூடாதா என்று புலம்பிக்கொண்டே கடல்சிப்பிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். பாவி மனுஷன் வெட்கமில்லாமல் இரண்டு கிண்ணம் குடித்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பார், கஞ்சிதான் உள்ளே போகும். சோறு, தண்ணி தவிர மனைவியிடம் முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாத வாய் அது. ஒருநாள் காலை அவள் தன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கவலையில் வயிறு வலிக்கிறதாம். அவர் கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே வைத்தார். எழுந்து நேரே ஊர்க் கூடத்துக்கு ஓடினார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"ஆ, ஆ, கேக்குதா? மால்சுன், நம்ம கிதேவோட அம்மா, உனக்குத்தான் சொல்றேன். அந்த ரத்தம் உன்னோடது. பயத்துல பேரை மாத்தி ஒட்டிட்டேன். உன் பேர்ல போனது பெக்குவோடது. ஆஸ்பத்திரிக்கு நீதான் போகணும். நீ இல்லாம எனக்கு..."

மிளகாய்த் தோட்டத்தில் குனிந்திருந்த முதுகுகள் எல்லாம் நிமிர்ந்தன.

மால்சுன் ரப்பர் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்தாள். அடிப்பாள் என்று தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"ஆ, ஆ, கேக்குதா? நாய்க்கு ஒண்ணுமில்லையாம். எனக்கு என்னன்னு நாளைக்கு ஆஸ்பத்திரியில தெரிஞ்சிடும். இந்த ஊர்லயே சோதனை கொடுக்காத ஆளு நம்ம தலைவர் ஒருத்தர்தான். இப்ப அவர் கையில ஒரு குழாயக் கொடுத்திருக்கேன். வெட்கப்பட்டா உயிர் போயிடும்னு அவரே சொல்லியிருக்காரு. நிரப்பிட்டு வர்ற வரைக்கும் அந்த நாற்காலியில யாரும் உக்காராதீங்க."