லோர்ட் தங்கையாவின் பரிந்துரை

உலகத்துப் பல்கலைக்கழகங்களில் தனக்கு ஏற்றது எது என்று ரோஷானி தேடத் தொடங்கியபோது பட்டியலில் பதினொன்று இருந்தன. விண்ணப்பம் போடவே காசு கேட்டவற்றை அடித்துவிட்டுப் பார்த்தாள், நான்கு. முழுப் புலமைப்பரிசில் தராதவற்றை அடித்தாள், இரண்டு. அந்த இரண்டில் ஒன்றில், இறப்பர் மரத்து இலையைக் கொட்டவைக்கும் பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் போன மாதம்தான் ஓய்வுபெற்று மீன் பிடிக்கப் போய்விட்டார். மிஞ்சியது ஸ்கொட்லாந்தில் ஒன்று. இறப்பர் மரமே முளைக்காத நாட்டில் போய் இறப்பர் மரத்து நோயைப் படிப்பதா என்று தோட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இந்த மரங்களை இங்கே கொண்டுவந்து நட்டவர்களும் அந்தப் பக்கத்துக் குளிரிலிருந்து வந்தவர்கள்தானே.

"நல்லாத் தேடித்தான் எடுத்திருக்கேன்" என்று வீட்டில் சொன்னாள்.

"ரோமாபுரிக்குப் பக்கத்துல ஒண்ணும் அம்புடலியா?" என்றார் அப்பா இராயப்பன். றக்வானைக்குக் கீழே கிளென்வுட் தோட்டத்தில் பால்வெட்டுக் கங்காணி அவர்.

"சிட்னி பாத்தியா அக்கா? கிரவுண்டு நல்ல கிரவுண்டு" என்றான் தம்பி ஜெகன்.

அம்மா தெரேசம்மா பால் வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அவங்க காசு வாங்குவாங்களா, குடுப்பாங்களா? அத மட்டும் சொல்லு."

"குடுப்பாங்கம்மா."

"அப்ப நல்ல பள்ளிக்கூடந்தான்."

இவ்வாறாக உயர்கல்வி நிறுவனத் தேர்வு இனிதே நிறைவுற்றது.

ரோஷானி பெலிஹுல்ஓயாவில் விவசாயம் படித்து முதல் வகுப்பில் தேறியவள். அவளுடைய பேராசிரியர்கள் இருவர் தத்தம் பரிந்துரைகளை அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதுதான் வில்லங்கம். ஊரில் பொறுப்பில் இருக்கிற, அவளுடைய சமூகப் பணியை நேரில் கண்ட ஒருவர் எழுத வேண்டுமாம். அவருக்கு நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் இணைய விண்ணப்பத்தில் அந்தப் பெட்டி சிவப்பாகவே நிற்கும். பங்குச் சாமியாரிடம் இருந்தது சாதாரண ஜிமெயில். தோட்டத்துத் துரைமார் அவளுடைய பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்தார்கள். றக்வானைச் சுற்றுவட்டாரத்தில் சொந்தக் கடையின் பெயரில் மின்னஞ்சல் வைத்திருந்த பெரிய மனிதர் ஒரே ஒருவர்தான்.

சாமஸ்ரீ, தேசகீர்த்தி, சமூகஜோதி, அகில இலங்கை சமாதான நீதவான் தங்கையா.

பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். பெயர்ப்பலகையில் பட்டங்களுக்கு இடம் விட்டு விட்டு 'ஹார்ட்வெயார்' என்ற சொல் ஒரு மூலைக்கு ஒதுங்கிப்போயிருந்தது. அதை ஏதோ அரசாங்கக் கந்தோர் என்று எண்ணிப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் உண்டு. தங்கையா அவர்களையும் சும்மா அனுப்பமாட்டார். கையில் இருக்கிற போட்டோப் பிரதியில் ஊதா மையில் வட்டச் சீல் ஒன்று குத்தி, அரைக் கிலோ ஆணியும் விற்றுத்தான் அனுப்புவார்.

ரோஷானிக்கும் அவருக்கும் பழக்கம் அந்தச் சீலால் வந்தது. தோட்டத்துக்கு பஸ் கேட்டு, தண்ணீர்க் குழாய் கேட்டு, இலை உதிர்வுக்கு மருந்து கேட்டு அவள் மனு எழுதுவாள், சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. அவர் கையெழுத்துப் போட்டுச் சீல் குத்துவார். இரண்டு மனுவுக்குப் பலனும் கிடைத்தது. ஆகையால் நேரில் கண்டவர் என்ற தகுதியில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"அவரா?" என்று மாவனல்லையிலிருந்து தொலைபேசியில் சிரித்தாள் ரிஸ்னா, பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்த சிநேகிதி. "ஒன்னப் பத்தி எழுதச் சொன்னா அவரப் பத்தி எழுதுவாருடி."

"எழுதட்டும். நடுவுல எங்கயாச்சும் எம் பேரு வந்தாப் போதும்."

கடைசி நாள் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே பகல் பன்னிரண்டு மணிக்குப் பெட்டி மூடும், அதாவது இங்கே மாலை ஐந்தரை. மூன்று மணிக்குத் தங்கையாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"மகள், ஸ்கொட்லாந்துக்காரன் என்னைய அவமானப்படுத்திட்டான். ஒடனே வாங்க."

அவள் பஸ்ஸுக்குக் காத்திராமல் ஒரு முச்சக்கர வண்டியில் தொற்றிக்கொண்டு போய் இறங்கினாள். அவர் மேசையில் மடிக்கணினியை விரித்துவைத்து, வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீல், மைப்பெட்டி, தாள்கள் பிதுங்கும் கனத்த கோவை ஒன்று.

"நான் பாக்கக்கூடாதுங்க ஐயா. அவங்க சட்டம். திரும்பி நிக்கிறேன், நீங்க வாசிங்க."

அவள் திரும்பி, சுவரில் வரிசையாக மாட்டியிருந்த தண்ணீர்க் குழாய்த் திறப்புகளைப் பார்த்தபடி நின்றாள்.

"பட்டம்னு ஒரு பெட்டி இருக்கு. அமத்தினா லிஸ்ட் வருது. மிஸ்டர், மிஸஸ், மிஸ், டொக்டர். தேசகீர்த்தி எங்க?"

"அது இருக்காதுங்க ஐயா."

"சாமஸ்ரீ?"

"அதுவும் இருக்காதுங்க."

"சமூகஜோதி இருக்குமே, அது இங்கிலீசுல மொழிபெயர்க்கலாமே!"

"மிஸ்டர்னு போடுங்க ஐயா. மணி நாலாகப் போவுது."

"மிஸ்டர்னு எனக்கு கரண்டு பில்லுலதான் போடுவான்" என்றார் தங்கையா. குரலில் உண்மையான துக்கம் இருந்தது. "பல்கலைக்கழகமே போட்டா?"

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. பல்கலைக்கழகத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதி, அவர்கள் பட்டியலைத் திருத்தியபின் பரிந்துரையைத் தொடர்வது என்ற தீர்மானத்தை அவர் முன்மொழிந்தார். ரோஷானி குழாய்களிடம் கெஞ்சினாள். பிறகு எலி தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. மடிக்கணினியின் எலிதான்.

"ரெவரண்ட்... கெப்டன்... ஷேக்..." அவர் பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். எலி நின்றது. "ஆ!"

"என்னங்க ஐயா?"

"லோர்ட்."

"ஐயா, வேணாம்! வேணவே வேணாம்!"

"நீங்க பாக்கக்கூடாது மகள். சட்டம்."

அதன்பின் தட்டச்சு மழை. கோவையின் தாள்கள் புரளும் சத்தம். ஐந்து மணிக்கு, "இதுல சீல் எங்க குத்துறது?"

"சீல் இல்லீங்க."

"சீல் இல்லாம எப்பிடி நம்புவான்?"

ஐந்து இருபதுக்கு 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரையிலேயே குத்திவிட்டாரோ என்று அவள் பதறிப்போனாள். நல்லவேளையாக வெற்றுத்தாளில் குத்தி, தொலைபேசியில் படமெடுத்து, இணைப்பாக ஏற்றிக்கொண்டிருந்தார். ஐந்து இருபத்தெட்டுக்கு, "போயிருச்சு மகள், போயிருச்சு! பச்சையா வந்திருச்சு!" என்று அவர் கூவ, ரோஷானி பக்கத்தில் நின்ற ஐந்நூறு லீற்றர் தண்ணீர்த் தாங்கியைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். வர்ணம் வாங்க வந்திருந்த ஒருவர் தாங்கியின் விலையை விசாரித்தார்.

பிப்ரவரியில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். தோட்டத்தில் சிக்னல் நிற்காது என்பதால் றக்வானை டியுட்டரி ஒன்றில் ஒரு மணி நேரத்துக்கு அறை கேட்டு வாங்கி, கரும்பலகையில் இருந்த கணக்கை அழித்துவிட்டு உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேர். நடுவில் வெள்ளை முடியும் பச்சைக் கம்பளிச் சட்டையுமாகத் தலைவியான பேராசிரியை. அவர் கையில் ஒரு தாள் இருந்தது.

"முதலில் ஒரு சங்கடமான கேள்வி. லோர்ட் தங்கையா உங்கள் நாட்டுப் பிரபுவா?"

"எங்கள் நாட்டில் பிரபுக்கள் இல்லை. அவர் ஹார்ட்வெயார் கடைக்காரர். அவருடைய பட்டம் உங்கள் பட்டியலில் இல்லை. கிட்டத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டார்."

இடப்பக்கத்தில் இருந்தவர் இருமினார். பேராசிரியை சிரிக்கவில்லை.

"பெட்டி இரண்டாயிரம் எழுத்துக்குமேல் ஏற்காது. அவருடைய பட்டங்களே நானூறைத் தின்றுவிட்டன. மீதி முழுக்க அவருடைய சாதனைகள். உங்கள் பெயர் கடைசி வரியில்தான் வருகிறது. 'மேற்படி ரோஷானி என்பவர் மிகவும்' என்று. அத்தோடு பெட்டி நிரம்பிவிட்டது. மிகவும் என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை." அவர் தாளைக் கீழே வைத்தார். "அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. இந்த ஆங்கிலமும் உங்கள் விண்ணப்பத்தில் உள்ள ஆங்கிலமும் ஒரே கை எழுதியதுபோல இருக்கின்றன. பரிந்துரையை விண்ணப்பதாரி தானே எழுதியிருந்தால் நாங்கள் இந்த நேர்முகத்தை இப்போதே நிறுத்த வேண்டும்."

ரோஷானிக்குக் காதுமடல் சுட்டது. பதினொன்றில் மிஞ்சிய ஒன்று. அதுவும் இதோ போகிறது.

"அந்தச் சாதனைகளை வாசித்துக் காட்டுவீர்களா?"

பேராசிரியை வாசித்தார். தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக்கு பஸ் பெற்றுக்கொடுத்தமை. தண்ணீர்க் குழாய் பெற்றுக்கொடுத்தமை. இலை உதிர்வு நோய் கண்ட நானூற்றுப் பன்னிரண்டு இறப்பர் மரங்களை ஏழு வாரம் நேரில் ஆய்ந்து அறிக்கை சமர்ப்பித்தமை.

ரோஷானிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். அது மூக்கு வழியாக வந்தது. பிறகு எல்லா வழியாகவும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மூன்று பேரும் திரைக்கு மிக அருகே வந்திருந்தார்கள்.

"மன்னிக்க வேண்டும். இந்த வசனங்கள் என்னுடையவைதான். ஆனால் பரிந்துரையை நான் எழுதவில்லை. போன வருடம் அவர் ஒரு பட்டத்துக்கு விண்ணப்பித்தார். தான் செய்த சேவைகளைப் பட்டியல் போட்டுத் தரச் சொன்னார். அவர் சீல் குத்திய என்னுடைய மனுக்களைத்தான் பட்டியலாகப் போட்டுக்கொடுத்தேன். வேறு எதுவும் அகப்படவில்லை. அந்தக் கோவையைப் பார்த்து இதை அடித்திருக்கிறார்."

"அப்படியானால் மரங்களை எண்ணியது?"

"நான். அம்மா பால் வெட்டுகிற நிரையில், அவளுக்குப் பின்னாலேயே நடந்து எண்ணினேன்."

"அவர் பொய் சொல்லியிருக்கிறார்."

ரோஷானி யோசித்தாள். "எங்கள் ஊரில் சீல் குத்தியவர்தான் செய்தவர். அவர் குத்தாவிட்டால் அந்த அறிக்கையை ஒருவரும் பிரித்தே பார்த்திருக்கமாட்டார்கள். நான் எண்ணியது உண்மையா என்று சந்தேகமிருந்தால் கேளுங்கள். எந்த மரத்தைப் பற்றி வேண்டுமானாலும்."

கேட்டார்கள். எந்தச் சரிவில் முதலில் இலை கொட்டியது, மழைக்கு எத்தனை நாள் கழித்து, நோய்ப் பொட்டு இலையின் நுனியிலா நடுவிலா, பழைய கிளையிலும் இளங்கிளையிலும் ஒரேமாதிரியா. அவள் எழுந்து கரும்பலகையில் சரிவை வரைந்து காட்டினாள். இலையை வரைந்தாள். சோக்குக்கட்டி தீர்ந்தபின் விரலால் காற்றில் வரைந்தாள். இருபது நிமிட நேர்முகம் ஒரு மணி நேரத்தைத் தாண்டி, வெளியே இரசாயனவியல் வகுப்புப் பிள்ளைகள் கதவைத் தட்டத் தொடங்கியபோதுதான் முடிந்தது.

மார்ச் மாதம் ஒரு காலை, இரத்தினபுரி பஸ்ஸில் ரோஷானி நின்றபடி போய்க்கொண்டிருந்தாள். முன்பக்கம், மதகுருமாருக்கென்று எழுதியிருந்த ஆசனத்தில் தங்கையா தோளில் மடித்த சால்வையோடு வீற்றிருந்தார். இரத்தினபுரியில் அவருக்கு இன்னொரு பட்டம் கொடுக்கிறார்கள். அவருடைய வான் வண்டியின் சாரதி அன்றைக்கு லீவு.

வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து வந்து போனது. ஒரு வளைவில் தொலைபேசி 'டிங்' என்றது. ஸ்கொட்லாந்து. தொட்டாள். சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது. பஸ் திரும்பியது, சிக்னல் போனது.

"ஐயோ நிப்பாட்டுங்க! நவத்தன்ன! நவத்தன்ன!"

இரண்டு பாஷையிலும் அலறியதில் சாரதி மிதித்தே விட்டார். நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். "மொகத நங்கி?", என்ன விஷயம் தங்கச்சி என்று நடத்துனர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவள் மூச்சிரைக்கச் சொன்னாள்: ஸ்கொட்லாந்து, முழுப் புலமைப்பரிசில், முடிவு, வட்டம் சுற்றுது.

நடத்துனர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பின்னாலே போய், இருமுறை விசிலடித்து, பஸ்ஸைப் பின்வாங்கச் செய்தார். முழு பஸ்ஸும் பின்பக்கமாக வளைவை ஏறியது. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. "இருங்க ஐயே, புள்ளைக்கு ரிசல்ட்!" என்று யன்னலோரத்தில் ஒருவர் கத்தினார். நாற்பது பேர் ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திறந்தது.

அவள் வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள்.

"ஹம்புனாத?" என்றார் நடத்துனர்.

"ஹம்புனா! கெடச்சிருச்சு! எல்லாம் கெடச்சிருச்சு!"

கைதட்டலில் பஸ் குலுங்கியது. தெரியாத ஒரு பாட்டா அவளுக்குத் தோடம்பழம் ஒன்றைக் கொடுத்தார். தங்கையா எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, எல்லாத் திசைக்கும் கும்பிட்டார்.

"நம்ம பரிந்துரையப் பத்தி ஏதும் எழுதியிருக்காங்களா மகள்?"

ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவளிடம் தாராளத்துக்குக் குறைவில்லை. "இன்டர்வியூவுல முழுக்க உங்க லெட்டரப் பத்தித்தாங்க ஐயா கேட்டாங்க."

"பாத்தீங்களா?" என்று அவர் பஸ்ஸிடம் கேட்டார். அதற்குள் அடுத்த தரிப்பிடத்தில் ஒரு பிக்கு ஏறினார். நடத்துனர் தங்கையாவைப் பார்த்தார். தங்கையா ஆசனத்தைப் பார்த்தார். பிறகு சால்வையை எடுத்துக்கொண்டு வந்து ரோஷானிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார்.

இரண்டு வளைவுகள் கடந்தன.

"எப்ப போறீங்க மகள்?" தாழ்ந்த குரலில் கேட்டார்.

"செப்டம்பர்லங்க ஐயா."

"போறதுக்கு முந்தி ஒரு பத்து லெட்டர் எழுதி வச்சிட்டுப் போங்களேன். ரோட்டுக்கு ஒண்ணு, பாலத்துக்கு ஒண்ணு, அப்பிடி. திகதிய மட்டும் விட்டுடுங்க, நான் போட்டுக்கிறேன்." இன்னும் தாழ்த்தினார். "நீங்க இல்லன்னா நான் எதுக்குச் சீல் குத்துறது?"

ரோஷானி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை நாளில் அவர் பட்டம் எதுவும் மனதில் இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது.

"எழுதித் தர்றேங்க ஐயா. ஆனா கீழ, தயாரிச்சது யாருன்னு எம் பேரும் வரும்."

அவர் ஒரு முழு வளைவு யோசித்தார்.

"சின்ன எழுத்துலதானே?"

"ஒரே அளவுங்க ஐயா."

"பட்டமெல்லாம் எனக்கு மட்டுந்தானே?"

"பட்டம் முழுக்க உங்களுக்குத்தான்."

"அப்ப சரி" என்றார் தங்கையா. பஸ் அடுத்த வளைவில் சரிந்தபோது இருவரும் கம்பியோடு சேர்ந்து ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். தோடம்பழம் அவளுடைய கையிலிருந்து நழுவி உருண்டது. பஸ்ஸில் பாதிப்பேர் அதைப் பிடிக்கக் குனிந்தார்கள்.